ஐந்தாவது கொக்கி

ஜனவரி 4, சனி

மொட்டைப்பாறை. காலை ஏழரை முதல் பதினொன்று வரை. நான்கு முறை ஏறினேன், நான்கு முறையும் ஒரே இடத்தில் விழுந்தேன்.

ஏறுகிற எல்லாரும் குறிப்பு எழுத வேண்டும் என்று பீட்டர் அண்ணன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆலையில் புத்தாண்டு டைரி ஒன்று கொடுத்தார்கள், வீணாக்குவானேன் என்று ஆரம்பிக்கிறேன். ரேணுகாதேவி, வயது முப்பத்தேழு, சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரம் ஐந்து நாள் ஜவ்வரிசியில் ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறேன். சனிக்கிழமை மட்டும் மலை.

என் ரூட்டைப் பற்றி, அதாவது பாறையில் நான் ஏறும் வழியைப் பற்றி: பதினெட்டு மீட்டர் உயரம், கயிற்றை மாட்டிக்கொண்டே போக ஏழு கொக்கி. பீட்டர் அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு கொக்கிக்கும் அவர்தான் துளை போட்டு போல்ட் அடித்தார். பாசியையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தது நான், இரண்டு மாதம். அதனால் முதல் போல்ட்டில் எனக்காக ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அந்தத் துணி இருக்கும்வரை வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். ஒரு தடவைகூட விழாமல், கயிற்றில் தொங்காமல் முதலில் மேலே போகிறவர்தான் ரூட்டுக்குப் பெயர் வைக்கலாம். எங்கள் பாறையில் வழக்கம் அது.

இது நடுத்தர ரூட்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை என்று பீட்டர் அண்ணன் சொல்கிறார். இருக்கட்டும். ஐந்தாவது கொக்கியில் கயிற்றை மாட்ட வலது கையை எடுத்தால் இடது கை தாங்கவில்லை. பத்து மாதமாகத் தாங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

என் நாத்தனார் மிருதுளா பெட்டியோடு வந்துவிட்டாள். பல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. விடுதியில் இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான். இருபத்தாறு வயது, வேஷ்டி மாதிரி நீளமாக இருக்கிறாள். இவருக்கு வாயெல்லாம் பல். தங்கைக்காக நேற்றே பெரிய அறையை ஒழித்துக்கொடுத்தார். அங்கே இருந்த என் கயிறும் பையும் இப்போது துணி துவைக்கும் இடத்தில்.

மாமியார் ஆத்தூரிலிருந்து போன். "சனிக்கிழமை நீ பாட்டுக்கு மலைக்குப் போயிருவ, புள்ள தனியா கெடப்பா. அவளையும் கூட்டிட்டுப் போ ரேணு." சரிங்க அத்தை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜனவரி 11, சனி

கூட்டிக்கொண்டு போனேன். அடிப்படை எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். கீழே நிற்பவர் கையில்தான் மேலே இருப்பவரின் உயிர் இருக்கிறது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. ஏறுகிறவள் கொக்கியில் கயிற்றை மாட்டப் போகும்போது கீழே இருப்பவள் தன் இடுப்பில் மாட்டிய கருவி வழியாக இரண்டு முழம் கயிறு தாராளமாக விட வேண்டும். விடாவிட்டால் மேலே கை இழுபடும், பிடி போகும், விழுவாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரே தடவையில் முடிச்சு சரியாகப் போட்டாள்.

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று நடந்தது. நிமிஷத்துக்கு நூறு தடவை "அண்ணி, அண்ணி" என்று பாறை அதிரக் கூப்பிட்டாள். மத்தியானத்துக்குள், எங்களோடு ஏற வரும் பொறியியல் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரும் என்னை அண்ணி என்கிறார்கள். பீட்டர் அண்ணன்கூட, "அண்ணிக்கு ஒரு டீ ஊத்துப்பா" என்கிறார். அவருக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். வீட்டில் நான் மருமகள், அண்ணி, எல்லாம்தான். பாறையில் மட்டும் ரேணுவாக இருந்தேன். ஆறு வருஷமாக.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆத்தூர் போய் வந்தோம். மிருது வைத்த பானை கிழக்கே பார்த்துப் பொங்கியதாம், மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்பைத் தள்ளி எரித்தால் எந்தப் பானையும் அந்தப் பக்கம்தான் பொங்கும்.

ஜனவரி 18, சனி

மூன்று முயற்சி. அதே இடம்.

மிருது சின்ன ரூட்கள் இரண்டை விழாமல் முடித்துவிட்டாள். இரண்டாவது வாரம்! எனக்கு அதில் ஒன்றை முடிக்க நான்கு மாதம் ஆனது. உயரமான பெண், கை எட்டுகிறது, அவ்வளவுதான். பீட்டர் அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு கால் வைக்கறதப் பாருங்க. சத்தமே இல்ல."

நான் பார்க்கவில்லை. என் காலணியில் கயிறு அவிழ்ந்திருந்தது, கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது கார் முழுக்க அவள் பேச்சுதான். "அண்ணி, உங்கள மாதிரி ஒரு அண்ணி கெடச்சது என் அதிர்ஷ்டம். எங்க காலேஜ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்க அண்ணி மலை ஏறுவாங்கன்னு." நல்ல பெண்தான். நல்ல பெண் இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை.

ஜனவரி 25, சனி

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இரண்டு தடவை விழுந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மிருது என் ரூட்டுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள், கையைக் காற்றில் அசைத்து எங்கே எங்கே பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டாள். தொடவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கல்லூரிப் பையன்களில் ஒருவன் சிரித்தான். "மிருதுக்கா, அதெல்லாம் ரிசர்வ்டு சீட்டு. அண்ணி எறங்குனாத்தான் ஒக்கார முடியும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், முதல் போல்ட்டில் கட்டியிருந்த துணியை நானே அவிழ்த்துவிட்டேன். "யார் வேணா ஏறிக்கலாம். எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன். பெருந்தன்மையாகத்தான் இருந்தது, கேட்பதற்கு.

"வேண்டாம் அண்ணி, நீங்க முடிங்க மொதல்ல" என்றாள் மிருது.

"ஏறு மிருது, சும்மா ஏறு" என்றேன். பீட்டர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லவேளை, மழை தூற ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

ஏன் அவிழ்த்தேன்? அந்தத் துணியை நான் ஏன் அவிழ்த்தேன்?

காலையில் மாவு அரைக்கப் போட்டுவிட்டு, அரைந்து முடியும்வரை கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினேன். இவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "நிலை பேந்து வந்துரும் ரேணு." தங்கை போன வாரம் இதே நிலையில் தொங்கியபோது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார்.

பிப்ரவரி 1, சனி

மிருது விழுந்துவிட்டாள். முழங்காலில் அடி. பெரிதாக ஒன்றுமில்லை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தோல்தான் உரிந்திருக்கிறது.

நடந்தது இது. முதலில் நான் இரண்டு முறை விழுந்தேன். பிறகு அவள் என் ரூட்டில் ஏறினாள். கயிறு பிடித்தது நான். முதல் கொக்கி, இரண்டாவது, மூன்றாவது. வீட்டுப் படி ஏறுகிற மாதிரி போனாள். நான்காவதையும் மாட்டினாள். பையன்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தாவதுக்குப் போய் வலது கையை எடுத்தாள். இடது கை தாங்கியது. பதினோரு மாதமாக எனக்குத் தாங்காத இடம்.

"கயிறு அண்ணி!"

புதுக் கயிறு. விறைப்பாக இருந்தது. கருவியில் சிக்கிக்கொண்டது, வரவில்லை.

"அண்ணி, கயிறு வுடுங்க!"

அவள் இழுத்தாள், வரவில்லை, மறுபடி இழுத்தாள், பிடி போய்விட்டது. நான்காவது கொக்கிக்குக் கீழே வந்து தொங்கினாள். நடுவில் பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் முட்டி மோதியது. நான் சரியாகத்தான் பிடித்து நிறுத்தினேன். தரையைத் தொடவிடவில்லை.

கீழே இறக்கியதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். "என்னாச்சு?" என்று பீட்டர் அண்ணன் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மிருது சொன்னாள்: "கால் வழுக்கிருச்சுண்ணா. என் தப்புதான்."

பிப்ரவரி 2, ஞாயிறு

புதுக் கயிறு விறைப்பாகத்தான் இருக்கும். யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆலையில் இரண்டு மாதிரியில் ஈரம் அதிகம், மறுபடி பார்க்கச் சொன்னார்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மிருதுவின் காயத்துக்குக் கட்டு மாற்றினேன். மருந்து பட்டதும் ஸ்ஸ் என்றாள், ஆனால் காலை இழுக்கவில்லை.

"அன்னைக்கு உன் கால் வழுக்கல மிருது" என்று சொல்லிப் பார்த்தேன். "கயிறு சிக்கிடுச்சு."

"அப்படியா அண்ணி? எனக்குத் தெரியல. கைதான் கவனம்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் சொன்னால் சரி. தெரிந்துகொண்டே எனக்காகச் சொல்லியிருந்தால், அதுவும் அவளுக்கு நன்றாக வருகிறது என்று அர்த்தம். ஏறவும் தெரிகிறது, நல்லவளாக இருக்கவும் தெரிகிறது. எனக்கு என்னதான் மிச்சம் வைப்பாள்?

பிப்ரவரி 8, சனி

மிருதுவுக்கு ஓய்வு. நான் மட்டும் போனேன். இரண்டு முயற்சி, இரண்டும் ஐந்தாவதில் போச்சு. அவள் வேடிக்கை பார்க்க இல்லாததால் நிம்மதியாக விழுந்தேன்.

பீட்டர் அண்ணன் புதுக் கயிற்றை எடுத்து முழுக்க கையால் உருவிப் பார்த்தார். கருவியில் போட்டு இழுத்துப் பார்த்தார். "வழவழன்னுதான் போவுது" என்றார். நான் டீ பிளாஸ்க்கைத் தேடப் போனேன்.

பிப்ரவரி 15, சனி

முடித்துவிட்டேன்.

ஆமாம். விழாமல், தொங்காமல், கீழிருந்து மேல்வரை. காலை எட்டு இருபதுக்கு. இதை எழுதும்போது விரல் மூன்றில் தோல் இல்லை.

கயிறு பிடித்தது மிருது. "அண்ணி, இன்னைக்கு நான் பிடிக்கறேன்" என்று அவளே கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஐந்தாவது கொக்கிக்குக் கீழே நின்றபோது கயிறு கேட்க வாய் வரவில்லை. அவள் விடாவிட்டால்? ஒரு விரலை இறுக்கினால் போதும். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே ஒரு எட்டு முன்னால் வந்து, இரண்டு முழம் கயிற்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள். கண் என் கையிலேயே இருந்தது.

வலது கையை எடுத்தேன். கயிறு தானாக வந்தது. மாட்டினேன். மீதி இரண்டும் எப்படிப் போனது என்று நினைவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். மிருது என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பெயர் வைக்க வேண்டும். பதினோரு மாதமாக யோசித்துப் பத்துப் பெயர் வைத்திருந்தேன், கடைசியில் "ரேணு" என்றே இருக்கட்டும் என்று சொன்னேன். பீட்டர் அண்ணன் ரூட் பெயர்களை எழுதி வைக்கும் நோட்டைத் திறந்து காட்டினார். பையன்கள் முன்பே எழுதிவிட்டார்கள்: அண்ணி ரூட்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, இனி மாத்துனா குழப்பமாயிரும்" என்றார். விட்டுவிட்டேன்.

மாமியாருக்குப் போன் செய்து மிருதுதான் சொன்னாள். "உங்கிட்ட கத்துக்கிட்டு அவளும் ஏறிடுவா பாரு" என்றார் மாமியார்.

பிப்ரவரி 22, சனி

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

எனக்கு இனி அந்தப் பாறையில் வேண்டியது ஒன்றுமில்லை. முடித்தாயிற்று, முதலில் முடித்தவள் நான்தான் என்று நோட்டில் இருக்கிறது, யாராலும் அழிக்க முடியாது. இன்று மிருது ஏறினால் இரண்டாவதாகத்தான் ஏறுவாள். அதனால் மனசு லேசாகத்தான் கயிற்றை எடுத்தேன். நானே கேட்டு எடுத்தேன்.

முதல் கொக்கி. இரண்டாவது. காலில் சத்தமே இல்லை. போன வாரம் நான் ஏறியபோது முக்கல் முனகல் எல்லாம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். பீட்டர் அண்ணன் பையன்களிடம், "பாருங்கடா, இப்படித்தான் ஏறணும்" என்றார். போன வாரம் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது. நான்காவது.

என் வலது கையைப் பார்த்தேன். கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அவள் இன்னும் ஐந்தாவதுக்கே போகவில்லை. நான் இறுக்கச் சொல்லவில்லை. விடு என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

புதுக் கயிறு பழகிவிட்டது. சிக்க ஒன்றுமில்லை. அன்றும் சிக்கவில்லை.

"பீட்டர் அண்ணா" என்று கூப்பிட்டேன். "இங்க வாங்க. கயிற நீங்க பிடிங்க."

"என்னாச்சு? தலை சுத்துதா?"

"என் கை சரியில்ல. சீக்கிரம் வாங்க."

அவர் ஒரே எட்டில் வந்து என் கைக்குக் கீழே கயிற்றைப் பற்றினார். கருவி என் இடுப்பிலேயே இருந்தது, கயிறு அவர் கையில். நான் கட்டுத்தறி மாதிரி நடுவில் நின்றேன். மேலே, "கயிறு!" என்றாள். பீட்டர் அண்ணன் விட்டார். கைதட்டல் கேட்டது. நான் பார்க்கவில்லை. கீழே எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் முடிச்சை அவிழ்க்காமலே என் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. "ஏன் அண்ணி பாதியில கைய மாத்துனீங்க? நான் விழுந்துருவேன்னு பயந்துட்டீங்களா?"

பீட்டர் அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். பையன்கள் நிற்கிறார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"விழமாட்டியோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, முகத்தில் தெரிந்தது. முழங்காலைக் குனிந்து பார்த்தாள். "அன்னைக்கும் அதானா?"

"அன்னைக்கும்தான். கயிறு சிக்கல. நான் விடல."

முடிச்சை அவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பையன்களோடு பைக்கில் போய்விட்டாள். பீட்டர் அண்ணன் என் இடுப்பிலிருந்த கருவியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாள் நீங்க யாருக்கும் கயிறு பிடிக்க வேண்டாம் ரேணு" என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் என்னை ரேணு என்று கூப்பிட்டது இன்றுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 26, புதன்

"ரெண்டு பேருக்கும் என்ன?" என்று இவர் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணா, வேலை ஜாஸ்தி" என்றாள் மிருது. அண்ணனிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம். விடுதியில் இடம் கிடைத்துவிட்டதாம், மார்ச் கடைசியில் போகிறாளாம். பெரிய அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"நாளைக்கு நான் மறுபடியும் அதே ரூட்ல ஏறப் போறேன். பீட்டர் அண்ணா கயிறு பிடிப்பாங்க. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"நான் ஏறுனத நீங்க பாக்கவே இல்ல. ஒரு தடவ கூட. எனக்குத் தெரியும், மேல இருந்து எல்லாம் தெரியும்." தன் சுடிதாரைக் கொடியிலிருந்து உருவினாள். "கீழ உக்காந்து பாக்கணும். போன நோண்டக் கூடாது, ஷூ கட்டக் கூடாது. கடைசி வரைக்கும் பாக்கணும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது இப்ப வேண்டாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவளுடைய துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 1, சனி

பார்த்தேன்.

கையைக் கட்டிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். முதல் கொக்கியில் இருந்தே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அழகாக ஏறுகிறாள், அதை எழுதத்தான் வேண்டும். அவசரமே இல்லை. மூன்றாவது கொக்கியில் நின்று கையை உதறிக்கொண்டாள், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. கண்ணை எடுத்துவிடலாம் என்று நான்கு தடவை தோன்றியது. எடுக்கவில்லை.

ஐந்தாவதில் அவள் என்ன செய்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. இடது குதிகாலைப் பக்கவாட்டில் ஒரு சின்ன விளிம்பில் கொக்கி மாதிரி போடுகிறாள். உடம்பு பாறையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு வலது கைக்கு என்ன கவலை? அந்த விளிம்பில் இருந்த பாசியைத் தேய்த்து எடுத்தது நான். என் கையால் துடைத்த இடம், பதினோரு மாதம் என் கண்ணில் படவில்லை. வந்த மூன்றாவது வாரமே அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அழுகை வந்துவிட்டது. பாராட்டி வந்த அழுகை இல்லை, சத்தியமாக இல்லை.

இறங்கி வந்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"பாத்தீங்களா?"

"முழுசா."

"எப்படி இருந்துச்சு?"

"வயிறு எரியுது மிருது."

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். பீட்டர் அண்ணன் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் தள்ளிப் போனார்.

"எரியறது நின்னதும் சொல்லுங்க" என்றாள். "அப்பறம் உங்க கைல கயிறு தர்றேன். பீட்டர் அண்ணாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் உக்காந்து பாருங்க."

திரும்பும்போது என் காரிலேயே ஏறினாள், ஆனால் பின் சீட்டில். மலைப்பாதையில் நான்கைந்து கொண்டை ஊசி வளைவு இறங்கிய பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நின்னுருச்சா?"

"இல்ல."

இன்னும் இரண்டு வளைவு. "இப்ப?"

"இல்ல."

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். தன் டம்ளரை ஊதிக்கொண்டே மறுபடி கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அடுத்த சனிக்கிழமையே கயிறு என் கைக்கு வந்துவிடும். நம்பிவிடுவாள், அப்படிப்பட்ட பெண்தான் அவள். நம்பி, நான் பிடித்திருக்கிற கயிற்றில் பதினெட்டு மீட்டர் ஏறுவாள்.

இல்லை என்றேன்.